கழுதை திரும்பவில்லை

ஆற்றங்கரைத் தெரு
மார்ச் 2

அக்கா,

இது கோபத்தோடு எழுதும் கடிதம். "அன்பான அக்கா" என்று ஆரம்பித்துவிட்டு, "அன்பான" என்பதை அடித்திருக்கிறேன். அடித்தது உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் லேசாக அடித்தேன்.

போன மாதம் நீ வீட்டுக்கு வந்திருந்த அரை நாளில் என்னை அறைந்தாய். "அரண்மனையில இஸ்திரி போட்டா ராணி ஆயிட்டதா நினைப்பா?" என்று நான் கேட்டது தப்புதான். அதற்காகப் பதிமூன்று வயதுப் பெண்ணைத் தெருவில் இருக்கும் அத்தனை பேர் முன்னாலுமா அறைவது? நீ மன்னிப்புக் கேட்கும்வரை எழுதக் கூடாது என்று சபதம் எடுத்திருந்தேன். ஆனால் இங்கே நடப்பதை யாரிடமாவது சொல்லாவிட்டால் என் தலை வெடித்துவிடும். அதனால் சபதத்தைக் கொஞ்ச நாள் தள்ளி வைத்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். நம் அம்மா ஊர்க் குழுவுக்குத் தலைவர் ஆகிவிட்டாள்.

சிரிக்காதே. ஊருக்கு வர வேண்டிய மாவு மூட்டைகளை ராஜாவின் படை வழியிலேயே மடக்கிக்கொண்டது உனக்குத் தெரிந்திருக்கும். ரொட்டிக்கடை பூட்டி ஒன்பது நாள் ஆகிறது. கூடிப் பேச இடம் இல்லை. சந்தையில் நான்கு பேர் சேர்ந்து நின்றாலே சிப்பாய்கள் விரட்டுகிறார்கள். நம் சலவைக் கூடம் பெரியது, கூரை இருக்கிறது, குளிருக்கு வெந்நீர் அடுப்பும் இருக்கிறது. நேற்றுக் காலை தெருவே உள்ளே வந்துவிட்டது. ரொட்டிக்கடைக்காரர் ஒரு தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்று பேசினார். செருப்புத் தைப்பவர் இன்னொரு தொட்டியில் ஏறி அவருக்கு மேலே கத்தினார். எல்லோரும் கத்தினார்கள். அப்போது யாரோ வெளுத்து வைத்திருந்த படுக்கை விரிப்பை மிதித்துவிட்டார்கள்.

அடுப்பங்கரையிலிருந்து அம்மா துணி கிளறும் கழியோடு வந்தாள்.

"எல்லாரும் வாயை மூடுங்க! ஒருத்தர் பேசி முடிச்சப்புறம்தான் அடுத்தவர்! இன்னொரு கால் அந்த விரிப்பு மேல பட்டுச்சு, ஆளைத் துவைகல்லுல போட்டு அடிச்சுத் துவைச்சிடுவேன்!"

முந்நூறு பேர் வாயை மூடினார்கள். ஊரில் இதுவரை யாராலும் முடியாத காரியம். "இவங்கதான் நமக்குத் தலைவர். சம்மதம்னா கையைத் தூக்குங்க" என்றார் செருப்புத் தைப்பவர். முந்நூறு கையும் மேலே போயின. அம்மாவுக்குத்தான் காது மந்தமாயிற்றே; விரிப்பை மிதிக்க மாட்டோம் என்று சத்தியம் செய்கிறார்கள் என்று நினைத்து, "நல்லது, இறக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுப்புக்குப் போய்விட்டாள். சாயங்காலம்தான் நான் விளக்கிச் சொன்னேன். ஒரு மணி நேரம் என்னைத் திட்டினாள்.

இந்தக் கடிதத்தைக் கைக்குட்டைக் கூடைக்கு அடியில் வைத்து, அரண்மனைக்குத் துணி வண்டி ஓட்டும் மாமாவிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

இன்னும் கோபமாக இருக்கும் தங்கை

—

அரண்மனை, இஸ்திரி அறை
மார்ச் 5

குண்டூசி,

உன் கடிதம் ராஜாவின் நாற்பது கைக்குட்டைகளுக்கு நடுவில் கிடைத்தது. நல்ல வேளை, கூடையைப் பிரித்தது நான். மேலாளர் பிரித்திருந்தால் அவர் மீசை கூரையைத் தொட்டிருக்கும். அவரை இங்கே எல்லோரும் மீசைக்காரர் என்றுதான் சொல்கிறோம். என் இஸ்திரிப் பெட்டியில் சூடு ஆறும்போதெல்லாம், அந்த மீசைக்கு இவர் தினமும் எப்படி இவ்வளவு விறைப்பாக இஸ்திரி போடுகிறார் என்று யோசிப்பேன்.

அறைந்ததற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். கொஞ்சம் மெதுவாக அறைந்திருக்கலாம் என்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

அம்மாவை யார் இந்த வம்பில் இழுத்துவிட்டது? நீதானே? அவளுக்கு இடுப்பு வலி. தொட்டிமேல் ஏறி நின்று புரட்சி செய்கிற வயதா அவளுக்கு? ரொட்டிக்கடைக்காரருக்கு அடுப்பில் ரொட்டி வேகாவிட்டால் வாயிலேயே வேக வைப்பார். அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டு ஆடாதே.

நீ நினைக்கிற மாதிரி ராஜா பூதம் இல்லை. ஒரு நாளைக்கு ஆறு சட்டை மாற்றுகிறார், அவ்வளவுதான் அவரிடம் நான் கண்ட கொடுமை. என்னைப் பார்த்தால் "கை சுட்டுக்கலையே?" என்று கேட்பார். அதை வேறு யாரும் என்னிடம் கேட்டதில்லை, நீயும் சேர்த்துதான். அவருக்கு ஏழு வயதில் ஒரு மகள். குளிருக்கு ஆகாது என்று போன வாரம் அவளை எல்லைக்கு அந்தப் பக்கம் மாமன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அன்றைக்கு அவர் ஒரு சட்டைகூட மாற்றவில்லை.

இன்றிலிருந்து அரண்மனைக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். உள்ளே இருப்பவர் வெளியே போக முடியாது, வெளியே இருப்பவர் உள்ளே வர முடியாது. அழுக்குத் துணிக்கு மட்டும் இரண்டு பக்கமும் அனுமதி. அதனால் எழுது. ஆனால் திட்டாமல் எழுது.

உன் அக்கா

—

ஆற்றங்கரைத் தெரு
சமத்துவ ஆண்டு 1, முதல் மாதம், நான்காம் நாள்
(உன் கணக்கில் மார்ச் 12)

அக்கா,

தேதியைப் பார்த்தாயா? ஒன்பதாம் தேதி ஊர் எங்கள் கைக்கு வந்துவிட்டது. இனி அன்றுதான் முதல் நாள்.

துணிக்கூடைக்குள் உனக்கு எவ்வளவு செய்தி வந்தது என்று தெரியவில்லை. மாவுக் கிடங்கைத் திறக்கச் சொல்லிப் போனோம். சிப்பாய்களில் பாதிப்பேருக்கும் பசிதான். துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு எங்களோடு மூட்டை தூக்கினார்கள். மீதிப்பேர் சந்தைத் தெருவில் சுட்டார்கள். மூன்று பேர் செத்துப்போனார்கள். ஒருவர் நம் தெருத் தச்சரின் தம்பி. பல் பெரிதாக இருக்குமே, நமக்குத் துணி காயப்போடக் கொடிக்கம்பு நட்டுக் கொடுத்தானே, அவன்தான். அதைப் பற்றி நான் வேடிக்கையாக எழுதப் போவதில்லை.

மற்றதெல்லாம் வேடிக்கைதான். இனிமேல் யாரையும் "எசமான்", "ஐயா" என்று கூப்பிடக் கூடாது, எல்லோரும் குடிமக்கள் என்று குழு தீர்மானித்தது. செருப்புத் தைப்பவர் உடனே ரொட்டிக்கடைக்காரரின் மாமனாரைப் பார்த்து, "வாங்க குடிமகனே" என்றார். "நான் குடியை விட்டு மூணு வருஷம் ஆச்சு! யாருடா உன்கிட்ட சொன்னது?" என்று அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். இரண்டு பேரையும் பிரித்துவிட அம்மா வர வேண்டியதாயிற்று. அம்மா தொட்டிமேல் ஏறுவதில்லை. பக்கத்தில் கழியோடு நிற்கிறாள். அதுவே போதுமாக இருக்கிறது.

எனக்கு வேலை கிடைத்திருக்கிறது! ஊரைவிட்டு வெளியே போகிற எல்லோருக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். குழுவில் இருக்கும் பன்னிரண்டு பேரில் ஒழுங்காக எழுதத் தெரிந்தவர் யாரும் இல்லை. அதனால் சீட்டு எழுதுவது நான். எழுதிய சீட்டை ஆற்றுவாசலில் உட்கார்ந்து படித்துப் பார்ப்பதும் நான். காவலுக்குத் தச்சரும் இன்னும் ஒருவரும் இருக்கிறார்கள். கையில் துப்பாக்கி இருக்கிறது, எழுத்துதான் தெரியாது. மேற்கு வாசலில் இருப்பவர்களுக்கும் தெரியாது. அங்கே முத்திரை வட்டமாக இருந்தால் விட்டுவிடுகிறார்கள்.

நம் கழுதை மந்திரியின் பெயரை மாற்றச் சொல்கிறார்கள், மந்திரிகளே கிடையாதாம். வேறு எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் அது திரும்பிப் பார்ப்பதில்லை.

நீ எப்போது வருவாய்? உள்ளே யாருக்காக இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாய்?

வாசல் எழுத்தர் (உன் தங்கை)

—

அரண்மனை
மார்ச் 17

குண்டூசி,

இன்று மார்ச் 17. உங்கள் குழு சொன்னதற்காகச் சூரியன் முதலிலிருந்து எண்ண ஆரம்பிக்காது.

தச்சரின் தம்பியைப் பற்றி எழுதியிருந்தாய். அன்று முழுவதும் என்னால் ஒரு சட்டைகூடத் தேய்க்க முடியவில்லை. அவன் என்னிடம் ஒரு முறை பேச வந்து, பேசாமலேயே போயிருக்கிறான். அதை உனக்கு நான் சொன்னதில்லை.

இங்கே தினமும் ஆள் குறைகிறது. சமையற்காரர் உப்பு வாங்கப் போகிறேன் என்று போனார். உப்பு எந்த ஊரில் விற்கிறது என்று தெரியவில்லை, இன்னும் வரவில்லை. காவலர்கள் சுவரேறிக் குதிக்கிறார்கள். இப்போது மிச்சம் இருப்பது ராஜா, மீசைக்காரர், நான், எழுந்து நடக்க முடியாத ஒரு தோட்டக்காரர்.

நேற்று ராஜா இஸ்திரி அறைக்கே வந்துவிட்டார். "இனிமே நானே போட்டுக்கறேன். எப்படின்னு காட்டு" என்றார். காட்டினேன். பெட்டியைச் சட்டைமேல் வைத்துவிட்டு ஜன்னல் வழியாக எல்லை மலைப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். புகை வந்த பிறகுதான் திரும்பினார். முதுகில் சரியாக ஒரு பெட்டி அளவு ஓட்டை. "இதையும் போட்டுக்கலாம், காத்து வரும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. பிறகு, மகளுக்குக் காய்ச்சல் என்று கடிதம் வந்திருப்பதாகச் சொன்னார்.

உன்னிடம் ஓர் உதவி. பெரிய கூடத்துத் திரைச்சீலைகளைத் துவைக்க வேண்டும். நம் வண்டியையும் மந்திரியையும் மாமா வியாழக்கிழமை இங்கே விட்டுவிட்டுப் போகட்டும். அம்மாவின் பழைய சலவை உடுப்பும் தலைத்துணியும் வேண்டும். இருப்பதிலேயே பெரியதாகப் பார்த்து அனுப்பு.

அக்கா

—

ஆற்றங்கரைத் தெரு
பத்தாம் நாள் (மார்ச் 18)

அக்கா,

பெரிய உடுப்பு எதற்கு? நீ ஊசிக்கு உடுப்புப் போட்ட மாதிரி இருப்பாய். அரண்மனையில் சமையற்காரரே இல்லை என்கிறாய், பிறகு எதைத் தின்று பருத்தாய்?

கேட்டால் திட்டுவாய். கேட்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அதனால் கேட்டுவிட்டேன்.

உடுப்பு இந்தக் கூடையில் இருக்கிறது. அம்மாவுக்கே தொளதொளவென்று இருக்கும். வண்டி வியாழன் வரும். அம்மாவிடம் திரைச்சீலைக்கு என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் ராஜாவின் மைத்துனர் பீரங்கிகளோடு படை சேர்க்கிறாராம். ராஜா மட்டும் அவரிடம் போய்ச் சேர்ந்தால் எல்லாம் திரும்ப வரும் என்று ஊரே பயந்துகொண்டிருக்கிறது. ராஜா தப்பிப் போக உதவுகிறவர்களுக்குத் தூக்குத் தண்டனை என்று எல்லா வாசலிலும் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள்.

அந்த அறிவிப்பை எழுதியது நான்தான், அக்கா. எட்டுப் பிரதி. எட்டாவது எழுதும்போது எழுத்து கோணிவிட்டது. குளிர் என்று சொல்லிவிட்டேன்.

தங்கை

—

மார்ச் 20

குண்டூசி,

வெள்ளிக்கிழமை காலை உனக்கு வயிற்று வலி. ஆற்றுவாசலுக்கு நீ போக வேண்டாம். காரணம் கேட்காதே. வாழ்க்கையில் ஒரே ஒரு முறையாவது நான் சொல்வதைக் கேள்.

அக்கா

—

ஆற்றங்கரைத் தெரு
பதினைந்தாம் நாள் (மார்ச் 23)

அக்கா,

உன்னைப் பள்ளிக்கூடத்து மாடி அறையில் பூட்டி வைத்திருக்கிறார்கள். பார்க்க யாரையும் விடவில்லை. கடிதம் மட்டும் கொடுக்கலாம் என்றார்கள், காவல்காரருக்குப் படிக்கத் தெரியாது என்பதால்.

எனக்கு வயிற்று வலி வரவில்லை. வெள்ளிக்கிழமை வழக்கத்தைவிட அரை மணி முன்னாலேயே போய் உட்கார்ந்தேன்.

நீ வந்ததை முதலில் பார்த்தது தச்சர்தான். "உங்க கழுதை வருது" என்றார். வாசலில் நம் தெருப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர், காயப்போடும் திடலுக்குப் போக ஈரத்துணியோடு வரிசையில் நின்றிருந்தார்கள். நீ மந்திரியின் கயிற்றைப் பிடித்து வந்தாய். வண்டிமேல் திரைச்சீலை மூட்டைகளுக்கு நடுவில், அம்மாவின் உடுப்பு உட்கார்ந்திருந்தது. முதல்முறையாக அந்த உடுப்பு யாருக்கோ இறுக்கமாக இருந்ததைப் பார்த்தேன்.

நீ என்னைப் பார்க்கவே இல்லை. சீட்டை நீட்டினாய். "சலவைக்காரி ஒருவர், உதவிக்கு ஒருவர், திரைச்சீலைகள்" என்று எழுதியிருந்தது. அக்கா, ஊரில் இருக்கும் சீட்டு அத்தனையும் நான் எழுதியது. இது என் கையெழுத்தே இல்லை. எழுத்தெல்லாம் மீசை வைத்துக்கொண்டு நின்றன. அதைவிட, அதில் ஒரு பிழைகூட இல்லை.

கத்தினால் உன்னைத் தூக்கில் போடுவார்கள். கத்தாவிட்டால் பீரங்கி வரும். நன்றாக யோசித்துத்தான் செய்தேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன்னிடம் சொல்கிறேன், நான் யோசிக்கவே இல்லை. எனக்கு எப்போதும் வாய்தானே முந்திக்கொள்ளும்? வரிசையில் முதலில் நின்றவளிடமிருந்து ஈர விரிப்பைப் பிடுங்கி, ஒரு முனையை வண்டியை நோக்கி நீட்டி, "பெரியம்மா, சும்மாதானே உக்காந்திருக்கீங்க, இதைக் கொஞ்சம் பிழியப் பிடிங்க" என்றேன்.

அவர் மரியாதையாக இறங்கி வந்து பிடித்தார். விரிப்புப் பிழிவது உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எதிரெதிரே நின்று, ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து, ஒருவர் முறுக்குவதற்கு எதிராக மற்றவர் முறுக்க வேண்டும். நம் தெருவில் நான்கு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ராஜா என் கையையே பார்த்து, கண்ணாடியில் தெரிகிற பிம்பம் மாதிரி, நான் முறுக்கிய பக்கமே முறுக்கினார். நான் வேகமாக முறுக்கினேன். அவரும் வேகமாக முறுக்கினார். விரிப்பு சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை.

யாரோ ஒருத்தி முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும். "பெரியம்மா எந்த ஆத்துல துவைச்சீங்க?" என்றாள் ஒருத்தி. அவருடைய தலைத்துணி நழுவியது. நாணயத்தில் இருக்கும் அதே மூக்கு. சாயம் மொத்தமும் வெளுத்துவிட்டது. அதைப் பார்த்ததும் சிரிப்பு நிற்கவில்லை, கூடிவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்கள். ராஜா இன்னும் விரிப்பைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

தச்சர் மட்டும் சிரிக்கவில்லை. துப்பாக்கியைத் தோளில் வைத்தார். அவர் உன்னைக் குறி பார்த்தாரா, ராஜாவைக் குறி பார்த்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் விரிப்பை விட்டுவிட்டுத் தச்சர் முன்னால் போய் நின்றேன். என்ன சொல்வது என்று தெரியாமல், "சீட்டு இல்லாம சுடக் கூடாது" என்றேன். எவ்வளவு முட்டாள்தனம்! அவர் என்னைப் பார்த்தார். பிறகு துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு, படியில் உட்கார்ந்து அழுதார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

இப்போது ஊரில் யாரைக் கொண்டாடுகிறார்கள் தெரியுமா? மந்திரியை! மேற்கு வாசலுக்குப் போக வேண்டிய வண்டியைப் பழக்கதோஷத்தில் வீட்டுப் பக்கம் திருப்பி ராஜாவைப் பிடித்துக் கொடுத்த தேசபக்தக் கழுதையாம். செருப்புத் தைப்பவர் முக்கால் மணி நேரம் பேசி, அதன் கழுத்தில் சிவப்பு நாடா கட்டினார். நீ பூட்டிய அறையில் இருக்கிறாய், கழுதைக்கு நாடா!

நாளை மறுநாள் விசாரணை. ஏன் இப்படிச் செய்தாய், அக்கா? ஒரே ஒரு நல்ல காரணமாவது எழுது.

தங்கை

—

பள்ளிக்கூட மாடி
மார்ச் 24

குண்டூசி,

முதலில் இதை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் தைரியம் போய்விடும்.

கழுதை திரும்பவில்லை. நான் திருப்பினேன்.

ராஜா மகளைப் பார்க்கப் போகிறார் என்று நினைத்துத்தான் சம்மதித்தேன். ஏழு வயதுப் பிள்ளை, காய்ச்சல், பக்கத்தில் யாரும் இல்லை. அந்தக் காய்ச்சல் உண்மை; கடிதத்தை நானே பார்த்தேன். உன் எட்டுப் பிரதி அறிவிப்பைப் பற்றிப் படித்த பிறகும்கூட, ஓர் அப்பா மகளிடம் போவதற்கு என்ன தூக்குத் தண்டனை என்றுதான் தோன்றியது. மேற்கு வாசல் வழியாகப் போவதாகத் திட்டம். வழியில் ஏதாவது மாறினாலும் நீ மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் உன்னை வர வேண்டாம் என்று எழுதினேன்.

அரண்மனை மேட்டுச் சரிவில் இறங்கும்போது ராஜா உற்சாகமாக இருந்தார். அம்மாவின் உடுப்பில் கை நுழைக்கிற பை இருப்பதைக் கண்டுபிடித்து அதிசயப்பட்டார். பிறகு பேச்சுவாக்கில் சொன்னார்: "பத்தே நாள். மைத்துனர் படையோட திரும்பி வந்துடுவேன். முதல்ல அந்த ஆத்தங்கரைத் தெருவை இடிச்சுத் தரைமட்டம் ஆக்கணும். அங்கதான் எல்லாம் ஆரம்பிச்சதாம்."

கோபமாகச் சொல்லவில்லை. சாயங்காலம் மழை வரும் என்பது போலச் சொன்னார். நான் எந்தத் தெருப் பெண் என்று ஆறு மாதத்தில் அவர் கேட்டதே இல்லை. "கை சுட்டுக்கலையே?" என்று தினமும் கேட்டவர்தான்.

செருப்புத் தைப்பவர் கடைப் பக்கம் பாதை இரண்டாகப் பிரிகிறதல்லவா? மந்திரி மேற்கே போகத்தான் இழுத்தது. அங்கே புல் இருக்கிறது. நான் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கி, ஆற்றுப் பக்கம் திருப்பினேன். ராஜா "வழி இதுவா?" என்றார். "கழுதை கேக்க மாட்டேங்குது" என்றேன்.

நான் போக வேண்டாம் என்று சொன்னால் நீ கட்டாயம் போவாய். அந்த ஒரே நம்பிக்கையில்தான் திருப்பினேன். நீ பிறந்ததிலிருந்து என் பேச்சைக் கேட்காமல் இருந்ததற்கு முதல்முறையாகக் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

நீ என்ன செய்வாய் என்று தெரியாது. விரிப்பை நீட்டுவாய் என்று சத்தியமாக நினைக்கவில்லை.

இதை யாரிடமும் காட்டாதே. எரித்துவிடு. கழுதையே திரும்பியதாக இருக்கட்டும். அவர் என்னை நம்பித்தான் வண்டியில் ஏறினார். பக்கத்து அறையில்தான் இருக்கிறார். அந்தக் கழுதையை நேற்றெல்லாம் திட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் துரோகம் செய்துவிட்டு, எந்த முகத்தோடு "நான் நல்லவள்" என்று குழுவிடம் கெஞ்சுவது? அப்படியே சொன்னாலும் யார் நம்புவார்கள்? பார்த்தவர் செருப்புத் தைப்பவர் ஒருவர்தான். அந்த மனுஷன் வாயைத் திறந்தால் சொற்பொழிவு, மூடினால் குறட்டை. நடுவில் உண்மைக்கு நேரம் ஏது?

அம்மா என்ன சொல்கிறாள்?

அக்கா

—

ஆற்றங்கரைத் தெரு
மார்ச் 26

அன்பான அக்கா,

உன் கடிதத்தை எரிக்கவில்லை. சலவைக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்துவிட்டேன். முழுவதும் படித்தேன். அப்புறம் திட்டு.

நேற்று விசாரணை ஆரம்பித்ததும் அம்மா கழியைக் கீழே வைத்தாள். "என் பொண்ணு விஷயத்துல நான் தலைவர் இல்ல. வேற யாராவது நடத்துங்க" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தின் பின்னால் போய் நின்றுகொண்டாள். அவ்வளவு நாளாகத் தலைவர் ஆகத் துடித்த யாரும் முன்னால் வரவில்லை. கடைசியில் ரொட்டிக்கடைக்காரர் வந்தார். சட்டம் என்று ஒன்று இருக்கிறது, அறிவிப்பு ஒட்டியாகிவிட்டது, பெண் நல்லவள்தான், ஆனாலும் என்று இழுத்தார். அந்த "ஆனாலும்" எனக்குப் பிடிக்கவில்லை. எழுந்து கடிதத்தைப் பிரித்தேன்.

"கழுதை திரும்பவில்லை" என்று படித்ததும் கூடமே முன்னால் நெருங்கி வந்தது. ராஜா நம் தெருவை இடிப்பதாகச் சொன்னதைப் படித்தபோது யாரோ மூக்கைச் சிந்தினார்கள். செருப்புத் தைப்பவரைப் பற்றிய வரி வந்தது. விட்டுவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். விட்டால், மற்றதையும் நானே மாற்றியதாகச் சொல்வார்கள். படித்தேன். குறட்டை வரைக்கும் படித்தேன்.

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். முகம் சிவந்து எழுந்தார். சொற்பொழிவுக்குத்தான் வாயைத் திறந்தார். வந்தது இவ்வளவுதான்:

"நான் பார்த்தேன். அந்தப் பொண்ணு கயித்துல தொங்கினா. கழுதை மேற்கதான் இழுத்துச்சு. அன்னிக்கே சொல்லியிருக்கணும். அதுக்குள்ள கழுதையைப் பத்திப் பேசிட்டேன். நல்லாப் பேசிட்டேன் வேற. எப்படித் திருப்பி வாங்கறதுன்னு தெரியல."

அவர் வாழ்க்கையிலேயே மிகச் சின்னப் பேச்சு அதுதான். எனக்கு அவரை முதல்முறையாகப் பிடித்தது.

அதன் பிறகு தச்சர் எழுந்தார். அவர் குழுவில்கூட இல்லை. "என் தம்பி இருந்தா அந்தப் பொண்ணை விடச் சொல்லியிருப்பான்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

குழுவில் பன்னிரண்டு பேர். பதினோரு கை மேலே போனது. பன்னிரண்டாவது அம்மாவுடையது, அது முந்தானைக்குள்ளேயே இருந்தது. தன் பெண்ணுக்காகக் கை தூக்கினாள் என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாதாம். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். முந்தானைக்குள் விரல்கள் நெரிபட்டு வெளுத்திருந்தன.

உனக்கு விடுதலை! ஆனால் ஒரு நிபந்தனை. ராஜாவை ஏரிக்கரைத் தோட்ட வீட்டில் காவலில் வைத்திருக்கிறார்கள். தன் துணியைத் தானே துவைக்க வேண்டும் என்பது உத்தரவு. கற்றுக்கொடுக்க வேண்டியது நீ. அவர் முகத்தை நீ பார்த்துத்தான் ஆக வேண்டும். கயிற்றைத் திருப்பியது யார் என்று அவரிடம் சொல்லிவிட்டார்கள். நான்தான் உத்தரவைக் கொண்டுபோனேன். அவர் அதை வாங்கிப் படித்தார். பிறகு, "அவ எந்தத் தெரு?" என்று கேட்டார். சொன்னேன். அதற்குப் பிறகு தலையைத் தூக்கவே இல்லை. மகளுக்குக் கடிதம் எழுதக் காகிதம் கேட்டார், என்னிடம் இருந்ததில் நல்லதாக நான்கு தாள் கொடுத்தேன். குழு அதை அனுப்பி வைக்கும். அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதாம்.

மந்திரியின் நாடாவைத் திரும்ப வாங்குவதா வேண்டாமா என்று இரண்டு மணி நேரம் விவாதம் நடந்தது. ஒரு முடிவுக்கு வந்து போய்ப் பார்த்தால், அது நாடாவைத் தின்றுவிட்டிருந்தது.

"அம்மா என்ன சொல்கிறாள்?" என்று கேட்டிருந்தாய். உன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆனால் இன்று காலை நடந்ததைக் கேள்.

விடுதலை உத்தரவை நான் எழுதினேன். அடியில் தலைவர் கையெழுத்து வேண்டும். இதுவரை எல்லா உத்தரவுக்கும் அம்மா கட்டைவிரலை உருட்டித்தான் வைத்திருக்கிறாள். இன்றும் மை தொட்டு நீட்டினேன். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"இதுல ரேகை வைக்க மாட்டேன். எழுதறேன். சொல்லிக் குடு."

"அம்மா, அக்கா காத்துட்டிருப்பா. எழுத்து கத்துக்கறதுன்னா நாளாகும்."

"மூணே எழுத்து போதும். அடுப்புல தண்ணி கொதிக்கறதுக்குள்ள கத்துக்கறேன்."

தண்ணீர் நான்கு முறை கொதித்து அடங்கியது. ஐந்து தாள் வீணாயிற்று. முதல் எழுத்து ஒரு முறை நத்தை மாதிரி வந்தது, ஒரு முறை உடைந்த பூட்டு மாதிரி வந்தது. ஆறு ஆள் தூக்கும் ஈரக் கம்பளியைத் தனியாகப் புரட்டுகிறவள், ஒரு பேனாவைப் பிடித்துக்கொண்டு வியர்வை வழிய உட்கார்ந்திருந்தாள். வெளியே குழு முழுவதும் காத்திருந்தது. எட்டிப் பார்த்த ரொட்டிக்கடைக்காரரை ஒரே பார்வையில் விரட்டினாள். மூக்கில் மை. நான் சொல்லவில்லை, நீயே வந்து பார்.

இந்தக் கடிதத்தோடு அந்த உத்தரவும் இருக்கிறது. காவல்காரரிடம் காட்டிவிட்டு இறங்கி வா. நானும் அவளும் கீழே வாசலில்தான் நிற்கிறோம். "தலைவர்" என்று நான் எழுதிய இடத்துக்குக் கீழே கையெழுத்து இருக்கும். கொஞ்சம் சாய்ந்திருக்கும், ஆனால் படிக்க முடியும்:

அம்மா